லெஸ்ரர் பக்கக் கால்வாயில் ஒரு கிழமை: லொக், தண்ணீர், மலசலகூடம் பற்றிக் கேள்வி

சந்நிதிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தொண்டைமானாறு. தொழில் வள்ள இஞ்சின் திருத்தம். வயது போனபடியால் இப்போது பாரமான வேலை எடுப்பதில்லை. யாராவது கொண்டுவந்து வாசலில் போட்டால் கழற்றிப் பார்ப்பேன்.

மகள் குடும்பம் இங்கிலாந்தில், லெஸ்ரரில். யூலையில் நானும் மனைவியும் போகிறோம். சந்நிதி கோயில் கொடியேற முன்னம் திரும்பிவிட வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. இதற்குள் மருமகன் எங்களைக் கேட்காமலே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். மார்க்கெற் ஹாபரோ என்ற ஊரில் 57 அடி நீள இரும்பு வள்ளம் ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். அகலம் 7 அடி கூட இல்லை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே. ஆறு பேர். "மாமா இருக்கிறார், எனக்கென்ன பயம்" என்கிறார். அவருக்குக் கார் ரயர் மாற்றத் தெரியாது. ஓட்டப்போவது யாரென்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

வள்ளம் ஓட்டுவது எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை இந்த லொக், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் வள்ளத்தை ஏற்றி இறக்குகிற கதவு வைத்த தொட்டி. ஃபொக்ஸ்ரன் என்ற இடத்தின் படத்தை அனுப்பியிருக்கிறார்: பத்து லொக் ஒன்றன்மேல் ஒன்றாக மலையில் ஏறுகிறது. எங்கள் ஊர்த் தடுப்பணைக் கதவுகளைச் சின்ன வயதில் இருந்து பார்த்து வருகிறேன். அவை தண்ணீரை மறிக்கும், விடும். வள்ளத்தைத் தூக்காது. இதில் கதவைத் திறப்பது யார்? நாங்களா, அரசாங்க ஆளா? பிழைத்தால் என்ன நடக்கும்?

இரண்டாவது, ஆறு பேருக்குக் குளிக்க, சமைக்க, கழுவத் தண்ணீர் எங்கே எடுப்பது? மலசலகூடத்தில் இருந்து போவது எங்கே போகிறது? கால்வாய்க்குள் என்றால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கு முழங்கால் வருத்தம், ஏறி இறங்க ஏலாது. விடிய எழும்பித் தலைமுழுகாமல் அடுப்பு மூட்டவும் மாட்டா.

யூரியூப்பில் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார்கள். ஒருவர்கூட மலசலகூடத் தாங்கியைக் காட்டவில்லை. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கொக்குவில் மூர்த்தி

வணக்கம் அண்ணை. நான் நோர்தம்ரனில் பஸ் ஓட்டிய ஆள். ஓய்வெடுத்து இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். வேலைத்தலத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் வள்ளத்திலேயே குடியிருந்தார். லீவு நாட்களில் அவரோடு போய்க் கதவு தள்ளியதுதான் எனக்குத் தெரிந்த கால்வாய். நீங்கள் போகிற பாதையும் தெரியும். கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்ரர் கிளை அது.

முதலில் ஆறுதலான செய்தி. மார்க்கெற் ஹாபரோவில் இருந்து ஃபொக்ஸ்ரன் அடிவாரம் வரை ஐந்தரை மைல், ஒரு லொக்கும் இல்லை. அந்தத் தூரத்தில் வள்ளம் உங்கள் கைக்குப் பழகிவிடும். சுக்கான் பிடி நம்முடைய வெளியிணைப்பு இஞ்சினின் பிடி மாதிரித்தான்: இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். ஆனால் 57 அடியும் நடுவில் ஊன்றிச் சுழலும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, மட்டும் பார்த்துக்கொண்டு திருப்பினால் பின்பக்கம் கரையில் போய் இடிக்கும். பின்னுக்கு எடுக்கும்போது சுக்கான் வேலை செய்யாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எதிரில் வள்ளம் வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், நம் றோட்டுப் பழக்கத்துக்கு நேர்மாறு. வேகம் மணிக்கு 4 மைல்தான் உச்சம். கட்டி நிற்கிற வள்ளங்களைக் கடக்கும்போது அதிலும் பாதி.

இனி லொக். சாதாரண லொக்கை நீங்கள்தான் திறந்து மூட வேண்டும். ஆள் இருக்காது. எல் வடிவத்தில் ஒரு இரும்புக் கைபிடி தருவார்கள், விண்ட்லஸ் என்பார்கள். கதவிலும் கரையிலும் பல்லுச்சட்டம் வைத்த மதகுப் பலகைகள் இருக்கும். கைபிடியைப் போட்டுச் சுற்றினால் பலகை மேலே எழும்பித் தண்ணீர் போகும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, றச்சற்றின் நாக்கு பல்லில் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கைபிடியை அச்சிலேயே விட்டுவிட்டுப் போகக்கூடாது. நாக்கு நழுவினால் அது சுழன்று வந்து பல்லை உடைக்கும்.

ஏறும்போது: கீழ்க்கதவால் உள்ளே போய், அதை மூடி, கீழ்ப் பலகைகளை இறக்கிவிட்டு, மேல் பலகையை மெதுவாகத் திறப்பது. தொட்டி நிரம்பி மேல் மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவு இளகும். இறங்குவது இதன் மறுதலை. கதவைத் தண்ணீர்தான் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு அங்குல வித்தியாசம் இருந்தாலும் அசையாது. பிள்ளைகள் பத்துப் பேர் நின்று தள்ளினாலும் சரி. மட்டம் சரிவந்ததும் கதவின் மேலுள்ள நீள மரத்தில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தால் ஒரு ஆளுக்கே போகும். அவசரப்பட்டு முக்கி முதுகு பிடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிழைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். ஒரேயொரு பெரிய பிழை இருக்கிறது. மேல்கதவுக்குக் கீழே, தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு கல்லால் ஒரு படி இருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது தெரியாது. எங்கே முடிகிறது என்று கரையில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். இறங்கும்போது வள்ளத்தின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். நான் கண்ணால் கண்டது: ஒரு குடும்பம் கதைத்துக்கொண்டு நின்றது, வள்ளம் மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க அணியம் கீழே போகிறது, பின்பக்கம் படியில் குந்திவிட்டது. குசினியில் இருந்து கோப்பைகள் விழுகிற சத்தம் வெளியே கேட்டது. கரையில் நின்ற ஒரு கிழவர் ஓடிப்போய்க் கீழ்ப் பலகைகளைப் படபடவென்று விழுத்தினார். பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வள்ளத்தை மிதக்க வைத்தார்கள். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அணியத்தால் தண்ணீர் ஏறியிருக்கும்.

ஆகவே சுக்கானில் நிற்பவர் கதைக்கக்கூடாது. கைபிடி வைத்திருப்பவர் சுக்கான்காரரின் கையைப் பார்க்க வேண்டும். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் முதல் வேலை பலகையை இறக்குவது, காரணம் பிறகு ஆராயலாம். இறங்கும்போது கயிற்றைக் கரையில் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, வள்ளம் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டினால் வள்ளம் கயிற்றில் தொங்கும். காலைக் கையை நீட்டிச் சுவரில் ஊன்றவும் கூடாது. பதினைந்து தொன் இரும்பு அது.

ஃபொக்ஸ்ரன் மட்டும் வேறு கதை. 1814 இல் திறந்தது. ஐந்தும் ஐந்துமாக இரண்டு படிவரிசை, மொத்தம் 75 அடி ஏற்றம். ஒரு லொக்கின் மேல்கதவுதான் அடுத்ததன் கீழ்க்கதவு. நடுவில் மட்டும் வள்ளங்கள் விலகிப்போக ஒரு இடம் உண்டு. அங்கே லொக் காவலர்கள் நிற்பார்கள், பெரும்பாலும் தொண்டர்கள். அடிவாரத்தில் வள்ளத்தைக் கட்டிவிட்டு நடந்துபோய் அவர்களிடம் பெயர் கொடுக்காமல் உள்ளே நுழையக்கூடாது. நான்கைந்து வள்ளத்தை மேலே அனுப்பிவிட்டுப் பிறகு நான்கைந்தைக் கீழே விடுவார்கள். பலகைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசியிருக்கும்: முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை. மாற்றித் திறந்தால் பக்கத்துக் குளம் நிரம்பி நடைபாதையில் ஓடும், பார்க்க வந்த சனமெல்லாம் உங்களைப் பார்க்கும். ஏறத் தொடங்கினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். கோடை விடுமுறையில் முறை வருவதற்கு அதைவிடக் கூட நேரம் காத்திருக்க வரும். மனைவியை நடந்து ஏறச் சொல்லத் தேவையில்லை. உள்ளேயே இருந்து யன்னலால் சுவரைப் பார்த்துக்கொண்டு வரலாம்.

பத்தையும் ஏறிவிட்டால் அதற்குமேல் இருபது மைல் தட்டையான கால்வாய், வற்ஃபோர்ட் லொக் வரை. இடையில் ஹஸ்பண்ட்ஸ் பொஸ்வேர்த் சுரங்கம் 1,166 யார், கிறிக் சுரங்கம் 1,528 யார். ஒரு கிழமைக்கு அதுவரை போய்த் திரும்பினால் போதும். வெல்ஃபோர்ட் என்ற சின்னக் கிளையில் தனி லொக் ஒன்று இருக்கிறது, ஏற்றம் நான்கு அடி கூட இல்லை. பிள்ளைகள் கைபிடி சுற்றிப் பழக நல்ல இடம்.

தண்ணீர், மலசலகூடம் பற்றி எழுதினால் இன்னும் இவ்வளவு போகும். யாராவது பெண்பிள்ளைகள் எழுதினால் நல்லது, அவர்கள்தான் உண்மை சொல்வார்கள்.

லெஸ்ரர் தங்கச்சி

மூர்த்தி அண்ணா கூப்பிட்டபடியால் வருகிறேன். சொந்த ஊர் மானிப்பாய். போன கோடையில் எங்கள் ஆட்களோடு இதே பாதையில் போனேன்.

ஐயா, மைல் கணக்குப் பார்த்துப் பயணம் போடாதீர்கள். தண்ணீர்ப் பைப்பைப் பார்த்துப் போடுங்கள். நாங்கள் போட்ட எல்லாச் சண்டையும் அதால் வந்ததுதான்.

அணியத்துக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி இருக்கும். வெள்ளைக்காரத் தம்பதி அதை வைத்து நாட்கணக்கில் சமாளிப்பார்கள். நாங்கள் அரிசி கழுவி, கீரை கழுவி, காலை மாலை குளித்து, கால் கழுவி ஏறுகிற ஆட்கள். ஆறு பேர் என்றால் ஒவ்வொரு நாளும் நிரப்ப வேண்டும் என்றே வையுங்கள். கரையோரத்தில் தண்ணீர்ப் பைப்புகள் உண்டு, வரைபடத்தில் பைப் படம் போட்டிருக்கும். வள்ளத்திலேயே குழாய் சுருட்டி வைத்திருப்பார்கள். குழாயைப் பூட்டிவிட்டு உடனே தாங்கிக்குள் விடாதீர்கள், கொஞ்ச நேரம் வெளியே ஓட விடுங்கள். முனையை நிலத்திலோ கால்வாய்க்குள்ளோ போடவும் கூடாது. பைப்பில் அமத்தம் குறைவாக இருந்தால் நிரம்ப ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் நான் சோறு வைத்தேன். பைப்படியில் நிரப்புகிற நேரம் மட்டும் நிற்கலாம், இரவுக்குக் கட்டக்கூடாது. லொக்குக்கு முன்னால் உள்ள கட்டைகளும் அப்படித்தான், அவை முறைக்குக் காத்து நிற்பவர்களுக்கு.

ஃபொக்ஸ்ரனில் நிரப்பாமல் மேலே ஏறாதீர்கள். மேலே போனால் வயலும் ஆடும்தான். ஊர்கள் கால்வாயை விட்டுத் தள்ளி இருக்கின்றன.

அடுத்தது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. இல்லை ஐயா, மலம் கால்வாய்க்குள் போகாது, விடவும் கூடாது. குளிக்கிற, கோப்பை கழுவுகிற தண்ணீர் மட்டும் வெளியே போகும். மலசலகூடம் இரண்டு வகை. ஒன்று, வள்ளத்துக்குக் கீழே பெரிய தாங்கி. அதைச் சில துறைகளில் காசு கொடுத்து உறிஞ்சி எடுப்பிக்க வேண்டும். மற்றது, கழற்றி எடுக்கிற பெட்டி. சின்னச் சூட்கேஸ் அளவு. அதை எல்சன் என்று எழுதிய இடத்தில் நீங்களே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். உங்கள் வள்ளத்தில் எது என்று மருமகனை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். பெட்டி என்றால் மேலதிகமாக ஒன்றாவது இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். ஒருவரும் சொல்லாத விஷயம் ஒன்று: நாங்கள் கடுதாசி அல்ல, தண்ணீர் பாவிக்கிற ஆட்கள். அதனால் பெட்டி வெள்ளைக்காரருக்கு நிரம்புவதைவிட இரண்டு மடங்கு கெதியாக நிரம்பும். குளியலறையில் சின்னக் கப் ஒன்றுதான் வைத்தேன். பெரிய வாளி தெரியக்கூடாது.

ஊற்றுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், யூரியூப் காட்டாதபடியால். பெட்டியில் மடக்குகிற மூக்கு ஒன்று இருக்கும், அதைத் திருப்பி மூடியைக் கழற்ற வேண்டும். கைபிடிக்குப் பக்கத்தில் காற்று விடுகிற பொத்தானைப் பெருவிரலால் அமத்திக்கொண்டே சரித்தால் சத்தமில்லாமல் ஒரே ஒழுக்கில் போகும். பொத்தானை விட்டால் குபுக் குபுக் என்று தெறிக்கும், உடுப்பு போச்சு. அங்கேயே கழுவும் பைப் இருக்கும். இரண்டு முறை குலுக்கிக் கழுவி, நீல மருந்து கொஞ்சம் விட்டு, திரும்பப் பூட்டலாம். அந்தக் கழுவும் பைப்பில் குடிதண்ணீர் எடுக்கக் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடங்களும் உண்டு, எழுதியிருப்பதை வாசியுங்கள்.

இந்த இடங்களுக்கெல்லாம் ஒரே திறப்புத்தான். வாடகைக்கு எடுக்கும்போது தருவார்கள். குப்பைத்தொட்டி, எல்சன், சில இடங்களில் குளியலறை, சலவை இயந்திரம் எல்லாம் அதனால் திறக்கலாம். ஃபொக்ஸ்ரன் ஊருக்குள் திருப்பிப் பாலம் ஒன்று வரும். ஆள் இறங்கித் திறந்து கார்களை மறிக்க வேண்டும், என் மகனுக்கு அதுதான் முழுப் பயணத்திலும் பிடித்த விஷயம். திறப்பைத் தக்கைக் குண்டு கட்டிய வளையத்தில் போடுங்கள், தண்ணீருக்குள் விழுந்தால் மிதக்கும்.

சமையலுக்கு கஸ் அடுப்பு உண்டு. கிரைண்டர், ரைஸ் குக்கர் கொண்டுபோகாதீர்கள், வள்ளத்து மின்சாரம் தாங்காது. தூள், இடிசம்பல், பருத்தித்துறை வடை எல்லாம் இங்கே இருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவுக்குச் சொல்லுங்கள்: சுடுதண்ணீர் இஞ்சின் ஓடினால்தான் வரும், இரவு 8 மணியில் இருந்து காலை 8 மணிவரை மற்ற வள்ளங்களுக்குப் பக்கத்தில் இஞ்சின் போடக்கூடாது. விடியப் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகுகிற ஆளென்றால் பிரச்சினை இல்லை. யூலையிலும் அது எங்கள் கிணற்றுத் தண்ணீர் இல்லை, பல்லுக் கிட்டும்.

ஊர்காவற்றுறைப் பொடியன்

காரைநகர் பாதைப் படகுக்கு வெயிலில் வரிசையில் நிற்கிற நாங்கள் இதைப் படிக்கிறோம். காசு கொடுத்து, தாங்களே கதவும் தள்ளி, தாங்களே கக்கூசும் ஊற்றி, அதற்கு லீவும் எடுத்து... சரி சரி, நல்லா இருங்கள்.

சந்நிதிக்கரை

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பொத்தான் விஷயம் வந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டா. ஆனால் பிறகு வந்து "கப் எத்தனை கொண்டுபோக வேணும்" என்று கேட்டவ.

மூர்த்தி, இரண்டு சின்னச் சந்தேகம். ஒன்று, இஞ்சின். என்ன வகை, நான் என்ன பார்க்க வேண்டும்? வாடகைக்காரர் தொடாதே என்பார்களா? மற்றது, இரவில் எங்கே கட்டுவது? இங்கே என்றால் நங்கூரம் போட்டுவிட்டு ஒரு ஆள் காவல் இருப்போம்.

அப்புறம் ஒரு விசயம் மண்டைக்குள் குடைகிறது. எங்கள் தடுப்பணையில் இப்படி ஒரு லொக் வைத்திருந்தால் கடல் வள்ளங்கள் மாரிக்கு உள்ளே வந்து நிற்கலாமே? ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை?

ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார்

தொண்டைமானாறு என்றவுடன் எட்டிப் பார்த்தேன். அங்கிருக்கிற வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களைத் திருத்தியே தலை நரைத்த ஆள் நான்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில். லொக் தேவைப்படுவது இரண்டு பக்கமும் நீர்மட்டம் வேறாக இருக்கிற இடத்தில். ஃபொக்ஸ்ரனில் 75 அடி வித்தியாசம். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. உங்கள் தடுப்பணையின் வேலை உயரம் அல்ல, உப்பு. கடல்நீர் வடமராட்சிக் கடனீரேரிக்குள் ஏறாமல் மறிக்க வேண்டும், மாரி வெள்ளம் கூடினால் கதவைத் திறந்து கடலுக்கு விட வேண்டும். கோடைகாலத்தில் வள்ளத்துக்காக லொக் கதவைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டி உப்புநீர் உள்ளே போகும். உள்ளே நன்னீராக்க வேண்டும் என்று கமக்காரர் கேட்க, இறாலுக்கு உப்பு வேண்டும் என்று கடற்றொழிலாளர் கேட்க, ஏற்கெனவே இழுபறி. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டமும் இதே தடுப்பணைகளை நம்பியதுதான்: ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலை மறிப்பது. அந்தக் கணக்கில் வள்ளத்துக்கு இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுகிற மரக்கலம் வருவதற்காக வெட்டுவித்த ஆறு என்பதுதான் ஊர் வழக்கு.

இங்கிலாந்துக்காரன் கண்டுபிடித்தான் என்று மருமகன் சொன்னால் விட்டுவிடாதீர்கள். இரண்டு கதவும் நடுவில் தொட்டியுமாக லொக் கட்டியது சீனாவின் பெருங்கால்வாயில், 984 இல். அதற்குமுன் வள்ளங்களைச் சரிவில் கயிற்றால் இழுத்து ஏற்றுவார்கள். அதில் வள்ளம் உடையும், உடைந்த இடத்தில் அரசாங்க நெல் களவு போகும். களவைத் தடுக்கத்தான் சியாவ் வெய்யுயே என்ற அதிகாரி இதைச் செய்தார்.

ஒரு லொக்கை ஒருமுறை நிரப்ப 1 இலட்சம் லீற்றர் அளவில் வேண்டும். தீவுப்பகுதிக்கு ஓடுகிற பவுசர் பத்துச் சேர்ந்தால் வருகிற தண்ணீர். அது முழுவதும் மேலிருந்து கீழே போய்விடும், திரும்பி ஏறாது. ஆகவே உச்சியில் குளங்கள் நிறைந்திருந்தால்தான் கால்வாய் ஓடும். ஃபொக்ஸ்ரனில் பக்கக் குளங்கள் வைத்திருப்பது கொஞ்சத்தையாவது மிச்சம் பிடிக்க. 1900 இல் அதே மலையில் நீராவி இஞ்சினால் வள்ளங்களைத் தொட்டியோடு தூக்குகிற சரிவு ஒன்றையும் கட்டினார்கள். தண்ணீரும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் நிலக்கரிச் செலவுக்கு ஏற்ற வள்ளங்கள் வரவில்லை. 1928 இல் இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, இஞ்சின்காரர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கொக்குவில் மூர்த்தி

சேர் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கு. அண்ணையின் சந்தேகங்களுக்கு வருகிறேன்.

இஞ்சின் உள்ளே இருக்கிற டீசல், மூன்று நான்கு சிலிண்டர். பெரும்பாலானவற்றில் கால்வாய்த் தண்ணீரை உள்ளே இழுத்துக் குளிர்ப்பாட்டுவதில்லை. வள்ளத்து இரும்போடு ஒட்டிய தாங்கிக்குள் கூலன்ற் சுற்றும். அதனால் சேறு அடைக்காது. காலையில் எண்ணெயும் கூலன்றும் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் கிறீஸ் திருகு ஒன்று இருக்கும், அன்றைய ஓட்டம் முடிந்ததும் இறுகும்வரை ஒரு சுற்று. மறந்தால் இரவு முழுக்கச் சொட்டும். இதெல்லாம் அவர்களே செய்யச் சொல்லித் தருவார்கள். அதற்குமேல் ஸ்பானரை எடுத்தால் சண்டை வரும். பழுதென்றால் தொலைபேசி எடுங்கள், அவர்களே வருவார்கள். உங்கள் கையைக் கட்டிவைப்பது கஷ்டம்தான்.

புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றும், கட்டாயம் சுற்றும். அதற்கு நம்மைப்போலக் குதிக்கத் தேவையில்லை. பின்பக்கப் பலகைக்குக் கீழே ஒரு மூடி உண்டு, திறந்தால் கை நேரே புரொப்பெல்லருக்குப் போகும். இஞ்சினை நிறுத்தித் திறப்பையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் கையை விட வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்கிப் பூட்டாமல் இஞ்சின் போட்டால் வள்ளத்துக்குள் தண்ணீர் பீறிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தத் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் உண்டு. 2024 மார்கழியில் வடமராட்சி பட்டதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரவுக்குக் காவல் வேண்டாம், நங்கூரமும் வேண்டாம். நடைபாதைப் பக்கத்துக் கரையில் தடைப்பலகை இல்லாத இடத்தில் கட்டலாம். பொதுவாக 14 நாள்வரை விடுவார்கள். ஃபொக்ஸ்ரன் மாதிரிச் சனம் கூடுகிற இடங்களில் அதைவிடக் குறைவு, பலகையில் எழுதியிருக்கும். இரும்பு முளை இரண்டும் சுத்தியலும் தருவார்கள். முன்னும் பின்னும் சரிவாக அடித்துக் கட்டுங்கள். முளையில் வெள்ளைப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், சைக்கிள்காரர் தடுக்கி விழமாட்டார்கள். கால்வாய் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். விழுந்தால் எழும்பி நிற்கலாம். லொக்குக்குள் மட்டும் அப்படியில்லை. நீந்தத் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிதவை அங்கி போடாமல் லொக்கடிக்கு விடாதீர்கள். அம்மாவுக்குச் சேலை வேண்டாம், சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும்.

நேரக் கணக்கு ஒன்று: மைலையும் லொக்கையும் கூட்டி மூன்றால் பிரித்தால் மணித்தியாலம் வரும். ஹாபரோவில் இருந்து ஃபொக்ஸ்ரன் உச்சிக்கு ஐந்தரை மைல், பத்து லொக், ஐந்து மணி நேரம். வரிசையைச் சேர்க்காமல்.

லெஸ்ரர் தங்கச்சி

ஒன்று விட்டுப்போச்சு. வாத்தியார் ஐயா சொன்ன உச்சிக் குளம் வெறும் கதையில்லை. 2025 கோடையில் மழை குறைந்து பல இடங்களில் லொக்குகளைப் பூட்டிவிட்டார்கள். கால்வாய்களைப் பார்ப்பது 2012 இல் இருந்து கனல் அண்ட் றிவர் ட்ரஸ்ற் என்ற அறநிலையம். எந்த லொக் திறந்திருக்கிறது, எது பூட்டு, எந்தப் பைப் பழுது என்று அவர்களின் இணையத்தளத்தில் அறிவித்தல் வரும். புறப்பட ஒரு கிழமைக்கு முதலும், முதல்நாள் இரவும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபொக்ஸ்ரன் பூட்டென்றால் அடிவாரத்தில் இடப்பக்கம் திரும்பாமல் லெஸ்ரர் பக்கமாக இறங்கலாம், அதுவும் திறந்திருந்தால். ஆனால் அந்தப் பக்கம் லொக்குகள் 14 அடி அகலம், கதவுகள் பாரம், காவலர் இல்லை. வாடகைக்காரரிடம் அப்படி வந்தால் என்ன செய்வார்கள், காசு திரும்புமா என்று இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கப் இரண்டு போதும் அம்மாவுக்கு.

சந்நிதிக்கரை

மருமகன் பதில் எழுதியிருக்கிறார். பெட்டி வகைதானாம். இரண்டு மலசலகூடம், மேலதிகப் பெட்டி ஒன்று. வற்ஃபோர்ட் வரை போகவேண்டாம், வெல்ஃபோர்ட்டோடு திரும்புவோம் என்று சொல்லிவிட்டேன், இடையில் பைப் எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஊற்றுகிற வேலை அவருடையது என்றும் எழுதிவிட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.